பல் பதிந்த ரப்பர்

அக்கா, இதை யாருக்கும் காட்டாதே. நீ இப்போது இருக்கும் இடத்தில் நம் தோட்டத்து ஆட்களும் நிறையப் பேர் இருப்பார்கள். நம் லயத்து வீடுகளில் இருந்தவர்களே எத்தனையோ பேர். தங்கச்சி என்ன எழுதியிருக்கிறாள் என்று அவர்கள் கேட்டால், வீட்டு விஷயம் என்று சொல்லி மடித்து வைத்துக்கொள். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவர்களுக்கு மட்டும் காட்டாதே.

உன் ஆஸ்பத்திரி வடிதாளில்தான் எழுதுகிறேன். வேறு தாள் கிடையாது. தாள் வட்டமாக இருப்பதால் வரிகள் மேலே குட்டையாகத் தொடங்கி, நடுவில் நீண்டு, கீழே மறுபடி குட்டையாகிவிடுகின்றன. முன்பு இதை நான் தொட்டாலே கத்துவாய். "ஏய், வேர்வைக் கையால தொடாதடி! உன் விரல்ல இருக்கிற புளிப்பே போதும், என் வேலையெல்லாம் பாழாப்போயிரும்!" இப்போது என் விரல் எல்லா இடத்திலும் படுகிறது.

சாயங்காலம் பின்னலை அவிழ்த்தபோது, கட்டியிருந்த ரப்பர் கையோடு வந்தது. இரத்தம் எடுக்கும்போது கையில் கட்டும் உன் ரப்பர் குழாய்தான். வியர்வையும் எண்ணெயும் ஏறி இப்போது என் தலையின் வாசனை அடிக்கிறது. மூக்கருகே வைத்து வெகு நேரம் இழுத்தால் அடியில் எங்கோ ஆஸ்பத்திரி வாசனை கொஞ்சம் இருக்கிறது. அது தீர்ந்துவிடும் என்று நான் அடிக்கடி முகர்வதில்லை. இன்றைக்கு முகர்ந்தேன். பிறகு வழக்கம்போல நுனியை விரலால் தடவினேன். உன் பல் பதிந்த குழிகள் அப்படியே இருக்கின்றன. மேல்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் ஏறியிருக்கும் அல்லவா, அந்தப் பல்லின் குழி மட்டும் ஆழம்.

அழுகை வரவில்லை அக்கா. உன்னைப் பற்றிச் செய்தி வந்த நாளிலும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா என் முகத்தையே பார்த்துவிட்டு, "புள்ள என்னடி கல்லு மாதிரி நிக்குது" என்றாள். கல் மாதிரிதான் இருந்தது.

நம் ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அந்த ஜப்பான் டாக்டர் பெட்டி பெட்டியாக மருந்தோடு வந்து இறங்கினது நினைவிருக்கிறதா? அதற்கு முன்பு, வெள்ளைக்கார டாக்டர் இருந்த காலத்தில், கண்ணாடியில் இரத்தத்தைத் தேய்த்து மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு லயத்துக்குள் நடந்து வருவாய். வேண்டுமென்றேதான் கழற்றாமல் வருவாய். எனக்குத் தெரியும். அந்தக் கோட்டு இருந்ததால்தானோ என்னவோ, ஜப்பான் டாக்டரும் உன்னை அங்கேயே வைத்துக்கொண்டார்.

முதல் வாரம் அவர் சொல்லிக்கொடுத்ததை நீ சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்குச் சொன்னாய். அன்றைக்கு மரவள்ளிக்கிழங்கும் உப்பும். போர்டிக்சனில் கடல் தண்ணீரைக் காய்ச்சி எடுத்த அந்தக் கசப்பு உப்பு.

"பால் புளிச்சா ஒரு புளிப்பு வருதுல்ல? அந்தப் புளிப்பு நம்ம இரத்தத்துலயும் இருக்கு. ஓடினா, மரம் வெட்டினா, ஒடம்பு மூச்சுக்குத் தவிச்சா ஏறும். படுத்தா மெள்ள எறங்கிரும். படுத்துக் கெடந்தும் எறங்கலைன்னா உள்ள ஏதோ பெரிய சீக்குன்னு அர்த்தம்."

அப்பா கிழங்கை மென்றபடி சொன்னார். "அப்ப என் இரத்தத்துல மோர் ஓடுதுங்கிற."

"போங்கப்பா, உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க."

"இல்ல பாப்பா, வெயிலுக்கு நல்லதுதானே."

எதற்காக அதை அளக்கிறார்கள் என்று அப்போது நமக்குத் தெரியாது. பிறகு தெரிந்தது. சயாமில் ரயில் ரோடு போட ஆள் வேண்டும். நோயாளியை ஏற்றிக்கொண்டு போனால் வழியிலேயே செத்துப்போகிறான், லாரியில் ஓர் ஆளின் இடம் வீணாகிறது. அதனால் படுக்கவைத்து இரத்தம் எடுத்துப் பார்த்து, புளிப்பு ஏறாதவனை மட்டும் அனுப்பவேண்டும் என்பது அந்த டாக்டரின் யோசனை.

ஒருநாள் உனக்குச் சோறு கொண்டுவந்தபோது அந்த அறை வாசலில் நின்று பார்த்தேன். சிரம்பானிலிருந்து மரத்தூளில் பொதிந்து வந்த ஐஸ் கட்டி ஒரு வாளியில் இருந்தது. இரத்தம் எடுத்த குழாயை உடனே அதற்குள் செருகினாய். வெளியே வைத்தால் குழாய்க்குள்ளேயே புளிப்பு ஏறிக்கொண்டு போகுமாம். பிறகு ஏதோ ஒன்றை ஊற்றினாய். எலுமிச்சை பிழிந்த பால் போல இரத்தம் திரிந்தது. இந்த வட்டத் தாளை மடித்துக் கூம்பாக்கி அதில் வடித்தாய். சொட்டுச் சொட்டாகத் தெளிந்த தண்ணீர் இறங்கியது. அதற்குப் பிறகு இன்னும் என்னென்னவோ. சர்க்கரையை நீக்க ஒன்று, கடைசியில் கண்ணாடியே சுடும்படியான கடுமையான திராவகம். எல்லாம் முடிந்ததும் குழாயில் ஊதா நிறம் வந்தது. வெளிறின ஊதா என்றால் நல்ல உடம்பு. கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்தால் சீக்கு. நீ ஒவ்வொரு குழாயாக ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். அழகாக இருக்கிறது என்று நினைத்தேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

வெளிறின ஊதாவெல்லாம் லாரியில் ஏறின.

இரத்தம் புளித்திருந்தால் விட்டுவிடுகிறார்கள் என்ற பேச்சு லயத்துக்கு வந்ததும் ஆம்பிளைகள் எல்லோரும் புளியைக் கரைத்துக் குடித்தார்கள். மாங்காய்ப் பிஞ்சை மரத்தில் விட்டுவைக்கவில்லை. ஆட்களை மேய்க்கும் மண்டோர்கூடச் சிரித்தார். "வீட்டுல ரசம் வைக்கப் புளி இல்ல, எல்லாப் பயலும் கரைச்சுக் குடிச்சிட்டானுங்க." வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் வந்து படுத்தவர்களின் குழாயிலும் அதே வெளிறின நிறம்தான் வந்தது.

"நீ மாத்திச் சொல்லேன்க்கா" என்று கிணற்றடியில் உன்னைக் கேட்டேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"எத்தன பேருக்கு மாத்த? ரெண்டாவது ஆளுக்கே அவனுக்குச் சந்தேகம் வந்திரும். வந்தா இந்த ஊதாவையே தூக்கி எறிஞ்சிட்டு எல்லாரையும் லாரியில ஏத்திருவான். நெசமாவே சீக்குல கெடக்கிறவங்கள இதுதான்டி வீட்டுல நிறுத்தி வச்சிருக்கு."

நீ சொன்னது சரிதான். நீ சரியாகவே அளந்தாய். அதனால்தான் இந்தக் கடிதத்தை அவர்களிடம் காட்டாதே என்கிறேன்.

அப்பாவைக் கூப்பிட்டு ஆள் வந்த அன்றைக்கு ராத்திரி நீ அவருக்கு வழி சொன்னாய். படுத்திருக்கும்போது வேட்டிக்குள் கையை இறுக்கி மூடித் திறந்துகொண்டே இருந்தால் போதும், அந்தக் கையின் இரத்தம் புளித்துவிடும், டாக்டருக்குத் தெரியாது என்றாய். இதை வேறு யாருக்கும் நீ சொன்னதில்லை. அப்பா உன்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் ஏமாத்திப் படுத்துக்கிட்டா, என் எடத்துல எவனாச்சும் போவணும்ல?"

"அப்பா..."

"கணக்குக்கு ஆள் வேணும் பாப்பா. நான் இல்லைன்னா இன்னொருத்தன். அது யாருன்னு தெரிஞ்சா எனக்குச் சோறு எறங்குமா?"

மறுநாள் அவர் பெஞ்சில் போய்ப் படுத்தார். அசையாமல் படுக்கச் சொன்னால் மற்றவர்கள் நடுங்குவார்கள். நம் அப்பா தூங்கிவிட்டார். "கொறட்டை விட்டாருடி" என்று அன்றைக்குச் சாயங்காலம் சொன்னாய். சிரித்தாயா அழுதாயா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த டாக்டர் உன்னை நம்பாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பார்த்து அவரே இரத்தம் எடுத்து, நல்ல உடம்பு என்று மெச்சி, "பாகுஸ், பாகுஸ்" என்று அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, குழாயை உன்னிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் நீ ஓடினதைக் கூட்டுகிற ஆயா பார்த்திருக்கிறாள். "உங்க அக்காவுக்கு என்னம்மா? பேய் தொரத்துற மாதிரி மேட்டுல ஏறுது, எறங்குது, மறுபடி ஏறுது, வெள்ளக் கோட்டோட!" என்று என்னிடம் கேட்டாள். புழுக்கமான அந்தச் சாயங்காலம் நீ அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. நீ ஒன்றும் மறைக்கவில்லை. இந்த ரப்பரை என் கையில் வைத்தாய். ஒரு கையால் ஊசியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கட்ட வேறு கை இல்லாததால் பல்லால் கடித்து இழுத்திருக்கிறாய். அப்பாவின் இரத்தத்தைக் கொட்டிவிட்டு, அவர் பேர் ஒட்டின குழாயில் உன் இரத்தத்தை விட்டிருக்கிறாய்.

"கலர் எப்படி வந்துச்சுக்கா?"

"கத்தரிக்காதான். பாத்ததும் அவனுக்கே மூஞ்சி சுருங்கிப் போச்சு. அப்பாவுக்கு மருந்து வேற குடுத்தனுப்பியிருக்கான்." பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பினாய். "அப்பாகிட்டயும் சொல்லக்கூடாது. தெரிஞ்சா அவரே போயி லாரியில ஏறிருவாரு. என்னடி, புரிஞ்சுதா?"

புரிந்தது.

அன்றைக்கு அப்பாவுக்குப் பதிலாக எடுத்த ஆள், மாரியாயி அக்காவின் வீட்டுக்காரர் காத்தான் மாமா. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சட்டியைப் போட்டு உடைத்தது நமக்குக் கேட்டது. மறுநாள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "கருங்கல்லு மாதிரி இருக்கிற மனுசனுக்கு இரத்தம் புளிச்சிருச்சாம். எங்காளுக்கு மட்டும் பன்னீரா ஓடுச்சுலா!" நீ தலை குனிந்து வடிதாளை எண்ணாமல் எண்ணிக்கொண்டிருந்தாய். அப்பா அவள் வாசலுக்குப் போய், "கோவிச்சுக்காத ஆயி, நான் சீக்காளியா இருக்கிறது எனக்கே தெரியாது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

அந்த லாரி கிளம்பும் முன் டாக்டர் உன்னையும் ஏறச் சொன்னார். சயாமில் ஆஸ்பத்திரி வைக்கப்போகிறாராம். இவ்வளவு சரியாக அளக்கும் கை வேறு எங்கே கிடைக்கும் என்றாராம். அப்பா ஓடிப்போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். "அவள விட்ருங்க தொவான், நான் வர்றேன்." டாக்டருக்குக் கோபம்கூட வரவில்லை. அப்பாவைக் கைதூக்கி எழுப்பி, தலையை ஆட்டி, "ஓராங் சாக்கிட்" என்றார். நோயாளி என்று. நீ லாரியிலிருந்து என்னைத்தான் பார்த்தாய். அப்பாவைப் பார்க்கவில்லை. உன் உதட்டின் மேல் ஒரு விரல் இருந்தது. கொசு கடித்ததைச் சொறிவது போல வைத்திருந்தாய்.

காத்தான் மாமா திரும்பி வந்துவிட்டார். கால் புண்ணாகி அழுகினதால் அவரை ஒன்றுக்கும் ஆகாதென்று ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டார்களாம். அவர்தான் உன் செய்தியைச் சொன்னார். காலரா வந்த கேம்பில் நீ இருந்திருக்கிறாய். "தண்ணியக் காய்ச்சிக் குடிங்க, காய்ச்சிக் குடிங்கன்னு பாப்பா கத்திக்கிட்டே இருந்துச்சுண்ணே. எனக்கும் அதுதான் புண்ணக் கழுவிவிட்டுச்சு. கடைசில அதுக்கே வந்திருச்சு. ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டுக் கெடக்கல." அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன் ஏமாற்றால் தனக்குப் பதிலாகப் போன கை அது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன். ஒரு துளிகூடச் சிந்தவில்லை. உன் கைதான் எனக்கும் வந்திருக்கிறது போலிருக்கிறது.

அப்பா இப்போது நோயாளியாகவே வாழ்கிறார் அக்கா. தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதில்லை. மேட்டில் ஏறினால் நடுவில் நின்று நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிறார். இரத்தம் புளிக்கும் என்று மோரைக்கூட விட்டுவிட்டார். கிடைத்தால்தானே குடிக்க. காலையில் கண் இமையை இழுத்து என்னிடம் காட்டி, "செவப்பு இருக்கா பாரு" என்கிறார். "நான் சாக்கிட்டு ஆளு" என்று சொல்லி அவரே சிரிக்கிறார். பிறகு, "அந்தப் புள்ள எனக்குப் பதிலா போயிருச்சு. சீக்காளிய விட்டுட்டுச் சாவு நல்லத எடுத்துக்கிச்சு பாரு" என்பார். நான் விளக்குத் திரியைத் தூண்டுவேன். எனக்கு அந்த நேரத்தில் செய்ய எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

இனிமேல்தான் நான் பயப்படும் விஷயம்.

இன்று மத்தியானம் மண்டோர் லயத்துக்கு வந்தார். புது ஆபீசர் வந்திருக்கிறார். முன்பு சீக்கு என்று விட்டவர்களை எல்லாம் நாளைக்கு மறுபடி பார்க்கவேண்டுமாம். இரத்தம் எடுக்கப் பட்டாளத்து ஆள் ஒருவன் வந்திருக்கிறான். லாபு ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் ஆட்கள் காட்டுக்குள் ஓடிப்போனதால், விடியும்வரை காத்திருக்காமல் ராத்திரியே வந்து அள்ளிக்கொண்டாலும் கொள்வார்கள் என்று மண்டோர் மெதுவாகச் சொன்னார். அப்பா கொஞ்சமும் கலங்கவில்லை. "பாக்கட்டும். பாத்தாத்தான் நமக்கும் கொறைஞ்சிருக்கான்னு தெரியும்" என்றார்.

நாளைக்கும் அவர் அந்தப் பெஞ்சில் படுப்பார். தூங்குவார். குறட்டை விடுவார். குழாயில் வெளிறின ஊதா வரும்.

உண்மையைச் சொன்னால் அவர் போய்விடுவார். காத்தான் மாமாவின் காலைப் பார்த்த பிறகு அவரை யாராலும் நிறுத்தமுடியாது. சொல்லாவிட்டாலும் போய்விடுவார். மத்தியானம் முழுவதும் கிழங்கு உரித்துக்கொண்டே இதையே யோசித்தேன். என் இரத்தத்தைக் கொடுக்கலாம் என்றால் அந்த அறைக்குள் என்னை யார் விடுவார்கள்? நீ உள்ளே இருந்தாய்.

விளக்கு ஏற்றினதும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, அக்கா போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுச்சு. நான் மறந்தே போயிட்டேன்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "என்ன சொல்லுச்சு?"

"இரத்தப் புளிப்பு கொறையறதுக்கு ஒரு வழி. படுத்துக்கிட்டு கைய நல்லா இறுக்கி மூடணுமாம், தெறக்கணுமாம். நிறுத்தாம. அப்படிச் செஞ்சா புளிப்பெல்லாம் வெளிய போயிருமாம். இரத்தம் எடுக்கிறதுக்கு முன்னால செஞ்சா ரொம்ப நல்லதாம்."

பழைய பேச்சு அவருக்கு நினைவு வந்துவிடுமோ என்று பயந்தேன். நெற்றியைச் சுருக்கினார். "கைய மூடினா புளிப்பு ஏறும்னுல்ல அன்னிக்குச் சொல்லுச்சு?"

"அது நல்லா இருக்கிறவங்களுக்குப்பா. சீக்காளிக்கு எறங்குமாம்."

எனக்கே அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். பால் வெட்டின கை, காய்ப்புக் காய்ச்சின கை.

"அது சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "படிச்ச புள்ள."

"வேட்டிக்குள்ள கைய வச்சுக்குங்கப்பா. கையில குளிர் பட்டா பலிக்காதாம்."

"சரிம்மா."

அவருக்குப் பதிலாக நாளைக்கு யாரை ஏற்றுவார்கள் என்று நான் யோசித்துப் பார்க்கவேண்டும் என்பது தெரியும். ஆனால் அதை யோசிக்கும் இடம் வெகு நேரம் மடக்கி வைத்த கால் மாதிரி மரத்துக் கிடக்கிறது. தொட்டால் தொட்டது தெரியவில்லை. உனக்கும் அப்படித்தான் இருந்ததா? மேட்டில் ஏறி இறங்கினபோது காத்தான் மாமாவை நினைத்தாயா? நினைத்துக்கொண்டே ஓடினாயா? கேட்டு வைத்திருக்கலாம்.

அப்பா அந்த மூலையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். பனையெண்ணெய் விளக்குப் புகைகிறது. சற்று முன்பு, "இன்னும் தூங்கலியா?" என்றார். "ஜப்பான் பாடம் எழுதுறேன்பா" என்றேன். "எழுது, எழுது" என்றார். வேட்டி அசைவது எனக்கு இங்கிருந்து தெரிகிறது. நிறுத்தாமல் செய்கிறார். நீ சொன்னதாக நினைத்துக்கொண்டு செய்கிறார். நடுநடுவே தானாகவே பேசிக்கொள்கிறார். "இப்பவே கொஞ்சம் தேவலாம் போல இருக்கு பாப்பா." என்னிடமா, உன்னிடமா என்று தெரியவில்லை.

ரப்பரை மறுபடி தலையில் கட்டிக்கொண்டேன். பல் பதிந்த நுனி கழுத்துப் பக்கம் இருக்கிறது. தலையைத் திருப்பும்போதெல்லாம் உரசுகிறது. யாராவது கேட்டால் ஆஸ்பத்திரியில் கிடந்தது என்று சொல்வேன். மற்றதை நான் சொல்லமாட்டேன் அக்கா, நீ விரலை வைத்துக் காட்டினாய் அல்லவா, அது எனக்குப் போதும். அப்பா நாளைக்குத் திரும்பி வந்தால் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, இமையை இழுத்துப் பார்த்து, இன்னும் புளிப்பு இறங்கவில்லை, இன்னும் படுத்திருங்கள் என்பேன். எத்தனை வருஷம் ஆனாலும் சொல்வேன். அவர் நல்ல உடம்போடு இருப்பது எனக்குத் தெரியும். எனக்கும் உனக்கும் மட்டும்

வாசலில் பூட்ஸ் சத்தம். மண்டோர் அப்பாவின் பேரைச் சொல்கிறார். தட்டுகிறார்கள். அப்பா இன்னும் எழுந்திருக்கவில்லை, கையை நிறுத்தவும் இல்லை, மூடுகிறார், திறக்கிறார், மூடு